கூடிக்கொண்டே போன மாவு

மூட்டையில் ஆறு கிலோ மைதா கூடுதலாக இருந்தது.

ஸ்டோர்கீப்பர் தராசைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை நிறுத்துப் பார்த்தார். அதே ஆறு கிலோ. குறைந்திருந்தால் திருட்டு என்று தைரியமாகக் கத்தியிருக்கலாம். கூடியிருப்பதற்கு யாரைப் பிடித்துக் கத்துவது?

பேக்கரியில் இன்றுதான் முதல் நாள். இதற்கு முன் இருபது வருடம் குடிதண்ணீர் கேன் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவர். அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

"நோட்டும் சரக்கும் பொருந்தலைன்னா மறுநாள் வர வேண்டாம்" என்று சொல்லித்தான் முதலாளியம்மா சேர்த்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு வேலைக்கு எங்கே போவது?

நோட்டில் தப்பே இல்லை. மாஸ்டர் ஒரு லிட்டர் டின்னால் பன்னிரண்டு முறை மாவு அள்ளினார். கண்ணெதிரே எண்ணி, பன்னிரண்டு கிலோ கழித்து எழுதியாயிற்று. அப்படியானால் யாரோ வெளியிலிருந்து மாவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கலப்பட மாவோ என்னவோ. தன்னை மாட்டிவிடத்தான்!

மறுநாள் காலை வாசலில் நின்று எல்லார் பையையும் சோதித்தார்.

"சார், போறப்பதானே பையைப் பாப்பாங்க? நீங்க வர்றப்பப் பாக்குறீங்க?" என்றார் மாஸ்டர்.

"எதைத் தேடுறேன்னு எனக்குத் தெரியும். டப்பாவைத் திறங்க."

டப்பாவில் சோறு இருந்தது. தட்டு கழுவும் அக்காவின் பையில் ஒரு சீப்பும் இரண்டு வெங்காயமும் இருந்தன. வெங்காயத்தை முகர்ந்தே பார்த்துவிட்டார்.

அன்று மாலை கூடுதல் பன்னிரண்டு கிலோ ஆனது.

ஸ்டோருக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார். பூட்டு பூட்டியபடி இருந்தது. மாவு பதினெட்டாக ஏறியது. மாஸ்டர் விசிலடித்தால் அது சைகை என்று தோன்றியது. அக்கா சும்மா இருந்தால், ஏன் சும்மா இருக்கிறாள் என்று தோன்றியது.

கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. எவனோ கொண்டுவந்து கொட்டும் மாவைத் தினமும் அளந்து அப்புறப்படுத்திவிட்டால் நோட்டும் சரக்கும் பொருந்திப் போகும். பெரிய பை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

மூன்று வாரத்தில் மனைவி பொறுமை இழந்தாள்.

"நீங்க சேந்தது பேக்கரியிலயா, மாவு மில்லுலயா? கட்டிலுக்கு அடியில மாவு, குளிக்கிற வாளியில மாவு! யாரு குடுக்குறா இவ்வளவு?"

"அதைத்தான் கண்டுபிடிச்சுட்டு இருக்கேன். சத்தம் போடாதே!"

மாதக் கடைசியில் முதலாளியம்மா வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ரெண்டு மூட்டை தீர்ற நாள்ல நாலு மூட்டை தீருது. எவனோ மாவைக் கடத்துறான்."

ஸ்டோர்கீப்பருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கடத்தல் நடந்தால் நோட்டு காட்டிக்கொடுத்திருக்குமே! மூட்டைகளை அவர் எதிரிலேயே நிறுத்துக் காட்டினார். ஒரு கிராம்கூடப் பிசகவில்லை.

முதலாளியம்மா நோட்டைப் புரட்டினார். புருவம் ஏறியது.

"பன்னெண்டு டின்னுக்குப் பன்னெண்டு கிலோன்னு எழுதியிருக்கீங்க?"

"லிட்டர் டின்னும்மா. ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. இருபது வருஷ அனுபவம்!"

தட்டு கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தண்ணிதான் சார் லிட்டருக்கு ஒரு கிலோ, மாவு அரைக் கிலோதான் நிக்கும், மிச்ச அரைக் கிலோவைத்தானே நீங்க தினமும் பின்வாசல் வழியா தூக்கிட்டுப் போறீங்க!"