பரண் ஏறிய பேராசிரியர்

தன் மானத்தை இன்று விஞ்ஞான முறையில் காப்பாற்றிக்கொள்வது என்று சனிக்கிழமை காலையிலேயே பேராசிரியர் முடிவு கட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். சமையலறைப் பரணில் உடைந்த விசிறி, காது போன பெட்டி, எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத மூடிகள் என்று ஏகப்பட்ட சாமான். அதை ஒழித்துத் தருவதாகத் திங்கட்கிழமை முதல் அவர் தினமும் சொல்லிவந்தார். இன்று மனைவி பிடித்துக்கொள்ளப் போகிறாள். நாளைக்கோ கிளப்பில் அவருக்குச் சதுரங்கம். எதிராளி மருந்துக்கடைக்காரர். அந்த மனுஷனை இதுவரை ஒரு ஆட்டத்தில்கூட அவர் ஜெயித்ததில்லை. நாளையை விட்டால் மருந்துக்கடைக்காரர் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வர மாதக்கணக்காகும்.

“என்னங்க, பரண் என்னாச்சு? ‘நாளைக்கு ஒழிக்கிறேன்’னு திங்கள்லேர்ந்து சொன்னதையே சொல்றீங்க.”

“அங்கதான் நீ தப்புப் பண்றே. உட்காரு, விளக்கறேன்.”

கல்லூரியில் அவர் நடத்துவது சொற்பொருளியல். கையில் சாக்குக்கட்டி இல்லாததால் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

“‘நாளைக்குப் பரணை ஒழிக்கிறேன்.’ இது வாக்கியம். வெறும் சொல்வரிசை. திங்கட்கிழமை நான் வாயைத் திறந்து அதை உன்கிட்ட சொன்னேன் பாரு, அது கூற்று. நடந்து முடிஞ்ச ஒரு சம்பவம். அதனால உனக்கு என்ன தெரிவிச்சேனோ, அது கருத்து. திங்கள் சொன்னப்போ ‘நாளைக்கு’ன்னா செவ்வாய். செவ்வாய் சொன்னப்போ புதன். வாக்கியம் ஒண்ணு, கருத்து வேற வேற. சொன்னதையே சொல்றேங்கறது அபாண்டம்!”

மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். அவள் முகம் மலர்ந்தது.

“அட, எங்க வேலையும் இதுதானே! ‘வண்டி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்’னு நாள் முழுக்க ஒரே வரியைத்தான் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் வேற வண்டி.”

“சபாஷ்! இது மண்டையில ஏற என் பசங்களுக்கு அரை வருஷம் ஆகுது.”

“அப்போ, திங்கள் சொன்னது ஒரு வாக்குறுதி. செவ்வாய் சொன்னது வேற வாக்குறுதி.”

“வேறதான்! முழுக்க முழுக்க வேற!”

“நான் ஒரு பைத்தியம். ஒரே வாக்குறுதியை இழுத்தடிக்கிறீங்கன்னு நெனச்சுட்டேன். அஞ்சு வாக்குறுதியைக் காத்துல விட்டிருக்கீங்களா?”

பேராசிரியர் கரண்டியைக் கீழே வைத்தார். “இல்ல, ஒரு வகையில பார்த்தா எல்லாம் ஒண்ணுதான்...”

“ஒண்ணுதான்னா, சொன்னதையேதான் சொல்லிக்கிட்டிருந்தீங்க.”

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். கூற்றே இல்லாவிட்டால் மாட்டிக்கொள்ள வழியில்லை அல்லவா! மனைவி சாவகாசமாகத் தொலைபேசியை எடுத்து மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இவர் நாளைக்குக் கிளப்புக்கு வரமாட்டார். பரண்ல வேலை இருக்கு.”

“நான் எப்போ அப்படிச் சொன்னேன்?” என்று துள்ளினார் பேராசிரியர்.

“நீங்க சொன்னா ‘நான் வரமாட்டேன்’. நான் சொன்னா ‘இவர் வரமாட்டார்’. சொல்ற ஆள் வேற, வாக்கியம் வேற. கருத்து ஒண்ணுதானே?”

இதைப் பற்றிப் பாடப்புத்தகமே எழுதியவர் அவர். எப்படி மறுப்பார்? ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்து மனைவிக்கே மனசு கேட்கவில்லை. “அண்ணே, இருங்க. பலகையோட நீங்க இங்கேயே வந்துடுங்க. இவர் பரண்ல இருந்தபடி ஆட்டத்தைச் சொல்லுவார். நான் காயை நகர்த்தறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பலகை கூடத்தில் இருந்தது. பேராசிரியர் சமையலறைப் பரணில். மனைவி நடுவில் நடையாய் நடந்தாள்.

“குதிரையை நடுவுல கொண்டு வை!”

“ஆகட்டுங்க.”

“அவர் என்ன பண்ணினார்?”

“நெத்தியைத் தேய்க்கிறார்.”

“சிப்பாயைத் தள்ளு! தைரியமாத் தள்ளு!”

தும்மலுக்கு நடுவே கட்டளைகள் பறந்தன. மூடிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பரண் துடைத்துவிட்டாற்போல் ஆன நேரத்தில் கூடத்திலிருந்து மருந்துக்கடைக்காரரின் குரல் வந்தது: “ராஜாவுக்கு நகர இடமே இல்லையே! தோத்துட்டேன் சார்! பலகையைப் பார்க்காமலே இப்படி ஒரு ஆட்டமா!”

பேராசிரியர் ஏணியிலிருந்து சக்கரவர்த்தி போல இறங்கினார். கைகுலுக்கினார். பெருந்தன்மையாக நண்பரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, தன் வெற்றியை ஆற அமர ரசிக்கலாம் என்று பலகையைப் பார்த்தார். குதிரை நடுவில் இல்லை. அவர் தள்ளச் சொன்ன சிப்பாய் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

“என்னம்மா இது? நான் சொன்ன ஒண்ணுகூட இதுல இல்லையே!”

மனைவி அவர் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துவிட்டபடியே சொன்னாள்: “ஜெயிக்கணுங்கறதுதானே உங்க கருத்து? அதை மட்டும் எடுத்துக்கிட்டேங்க. வாக்கியமெல்லாம் சரியில்ல.”