எல்லை தாண்டி வாங்கிய மாத்திரை

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, காலை ஏழரை மணி. அட்டையில் மூன்றே மாத்திரை பாக்கி. கட்ரேட்டார் சபதம் செய்தார்.

"இனிமே இந்த நாட்டுல நான் பிரஷர் மாத்திரை வாங்க மாட்டேன்!"

எதையும் 'கட் ரேட்'டில், குறைத்த விலையில்தான் வாங்குவார் என்பதால், லிஃப்ட் கம்பெனி மேற்பார்வையாளரான அவருக்கு அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியது உடன் வேலை பார்ப்பவர்கள். நாய்க்குட்டியை இனாமாகக் கொடுத்தாலும், கழுத்துப்பட்டைக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்கிற மனிதர்.

மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "பிரஷர் மட்டும் இங்கயே ஏறணுமாக்கும்?"

"கிண்டலா? இதே கம்பெனி, இதே மாத்திரை. பஸ் ஏறி எல்லையைத் தாண்டினா பாதி விலை. ஏன் தெரியுமா?"

"சொல்லாம விடப்போறீங்களா என்ன!"

"அங்க அரசாங்கமே மொத்த நாட்டுக்கும் சேர்த்துப் பேரம் பேசுது. இங்க ஒவ்வொருத்தனும் தனித்தனியாப் போய் நிக்கறான். தனியா வந்தவனை யாரு விடுவா? இவன் எவ்வளவு தாங்குவான்னு ஆளைப் பார்த்து விலை வைக்கறான் கம்பெனிக்காரன். கேட்டா, ஆராய்ச்சிச் செலவும்பான்."

"ஒரு நாட்டுக்காரன் இன்னொரு நாட்டுக்காரன்கிட்ட விலையைக் கேட்டுட்டா?"

"சொல்ல மாட்டான். தள்ளுபடி ரகசியம்னு முதல்லயே கையெழுத்து வாங்கிடுவாங்க."

இஸ்திரிப் பெட்டி நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கெட்டிக்காரங்கதான்," என்றாள்.

"திருட்டுப் பசங்க!"

மாதா மாதம் அட்டையில் அச்சடித்த விலையை அவர் மனைவியிடம் கொடுப்பார். அவள் கீழ்த்தளத்து மருந்துக்கடையில் வாங்கி வருவாள். இந்த மாதம் கொடுக்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, டாக்டர் சீட்டோடு பஸ் ஏறினார். நான்கு மணி நேரம். இந்த நாட்டுச் சீட்டு அங்கே செல்லாது என்றார்கள். அந்த ஊர் டாக்டருக்கு ஃபீஸ் கட்டி, அதே மாத்திரையை மறுபடி எழுதி வாங்கினார். பிரஷர் கொஞ்சம் ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார். ஒரு மாத மருந்துக்கு மேல் தர முடியாது என்றாள் கடைக்காரி. திரும்பி வரும்போது உட்கார இடமில்லை. ஆனாலும் வெற்றி வெற்றிதான். பஸ் காசையும் ஃபீஸையும் அவர் கூட்டிப் பார்க்கவில்லை. கொள்கைக்குக் கணக்குப் பார்ப்பார்களா?

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கீழ்த்தளத்து மருந்துக்கடையில் நுழைந்தார். அட்டைகளை மேஜைமேல் அடித்து வைத்தார்.

"பாருங்க! பாதி விலை!"

கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ஏன் சார் இவ்வளவு கொடுத்தீங்க? உங்க வீட்டம்மா இதைவிடக் கம்மியா எடுக்கறாங்களே."

"யாரு?"

"உங்க வீட்டம்மாதான் சார். இந்தக் கட்டடத்துல பதினாலு வீட்டுச் சீட்டையும் ஒண்ணா கொண்டு வருவாங்க. விலை படியலைன்னா எதிர்க்கடைக்குப் போறேம்பாங்க. என்னை வாயைத் திறக்க விடமாட்டாங்க."

"அப்போ அடுத்த மாசம் எனக்கும் அதே விலைக்குக் கொடுங்க."

"தனியா வந்தா அச்சடிச்ச விலைதான் சார்."

மாடிப்படி அன்றைக்கு ரொம்ப உயரமாக இருந்தது.

"பதினாலு வீட்டுக்கும் நீதான் அரசாங்கமா?"

"உக்காருங்க. பிரஷர் ஏறும்."

"மேல்வீட்டு டீச்சர் என்ன விலை கொடுக்கறாங்க?"

"அது ரகசியம். பாவம், அவங்க பென்ஷன்காரங்க. நீங்க ஓவர்டைம் வாங்கறவர். தாங்கற சக்தின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"கட்டின புருஷன்கிட்டயே லாபமா?"

"ரெண்டு வருஷமா கடை கடையா ஏறி இறங்கியிருக்கேன். ஆராய்ச்சிச் செலவு யாரு கொடுப்பா?"

அந்த ஆராய்ச்சி குளியலறையில் புது வாஷிங் மெஷினாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தன் அண்ணன் வாங்கிக் கொடுத்தது என்று சொல்லியிருந்தாள். மச்சானுக்கு அவர் நன்றிகூடச் சொல்லியிருந்தார்.

"மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. உங்களுக்கு மட்டும் நூத்துக்கு அஞ்சு தள்ளுபடி. வெளியில மூச்சு விடக் கூடாது."

கட்ரேட்டாரின் முகம் மலர்ந்தது. தள்ளுபடி என்றால் தள்ளுபடிதான். அவள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் முதல் தேதி அவள் விலையை நூற்றுக்கு ஆறு ஏற்றினாள்.