நாற்பத்துமூன்று குழுக்களுக்கு நான் அனுப்பிய விண்ணப்பம்

வவுனியா
14.08.2004

அன்பின் மருமகன் நுஸ்கி அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மஸீனா மாமியும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். என் முகத்துக்கு மட்டும் சுகமில்லை, அதைக் கண்ணாடியில் பார்த்து நாலு நாளாகிறது. உன் சுகத்தையும் வேலையையும் பற்றி விசாரிக்கத்தான் வேண்டும், ஆனால் உன் வேலையிடத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும் என்பதாலேயே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

போன பெருநாளைக்கு நீ வந்தபோது, எங்கள் கமக்காரர் சங்கத்துக்குத் தருமமாகக் கிடைத்த நாலு பழைய கணினிகளையும் வயரால் கோத்துவிட்டு, இந்தக் கிழட்டு மெசின்களில் இணையப் பக்கம் திறப்பதற்குள் வெள்ளாமை விளைந்துவிடும், ஒருவர் எழுதினால் குழு முழுக்க வாசிக்கும் செய்திக்குழுக்கள்தான் சரி, அங்கே வெறும் எழுத்துத்தான், உலகத்துக் கமக்காரர் எல்லாரும் பூச்சி மருந்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாய். மூலையில் இருந்த மெசினில் உன் பெயரையும் உன் கம்பனி மின்னஞ்சல் முகவரியையும் போட்டு ஏதோ அமைத்தாய். "மாமா, இதில எல்லாம் சரி. மற்ற மூண்டும் இன்னும் பழசு, அதுகளுக்குப் பொருந்துற வாசிப்பு மென்பொருள் ஒண்டு தேட வேணும்" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாய். நானும் விளங்கியவன்போலத் தலையாட்டினேன். உண்மையில் பஸ் என்ற சொல் மட்டுமே விளங்கியது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் ஆண்டியப்பன், "அந்த மென்பொருள யாரு தேடுறது?" என்று கேட்டார். கணினி படிப்பிக்கும் பிள்ளை சுதர்சினி, "நான் பாக்கிறன் சேர்" என்று எழுந்தாள். நான் விடுவேனா? மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இலிகிதராகக் கோப்பெழுதியவன், மருமகன் கொழும்பில் கணினிக் கம்பனியில் இருப்பவன், அந்தப் பிள்ளையை இருத்திவிட்டு நானே பொறுப்பெடுத்தேன்.

பிறகு ஒரு நாள் சுதர்சினியின் வகுப்பு நேரம் போய், அந்த மூலை மெசினில் எதையோ அமத்த, ஒரு பெரிய பெயர்ப் பட்டியல் வந்தது. அது உலகத்து அலுவலகங்களின் விலாசப் பட்டியல் என்று நினைத்தேன். "பழைய கணினிகளுக்கான செய்திக்குழு வாசிப்பு மென்பொருள் பெறுதல் தொடர்பாக" என்று தலைப்பிட்டு, கோப்பு இலக்கம் போட்டு, நல்ல ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். விண்ணப்பம் என்றால் ஒருவருக்கு மட்டும் அனுப்புகிற வழக்கம் எங்களிடம் உண்டா? வாய்க்கால் உடைந்தாலும் அரசாங்க அதிபருக்கு எழுதி, பிரதிகள் மந்திரிவரை போகும். ஒருவர் கவனிக்காவிட்டாலும் மற்றவருக்குப் பயந்து கவனிப்பார். ஆகவே நாற்பத்துமூன்று பெயர்களைத் தெரிந்தெடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். மூன்று நாள் பதிலில்லை, முதலாம் நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இரண்டாவது. மூன்றாவதில் "மிக அவசரம்" என்றும் "இதுவரை நடவடிக்கை எடுக்காமைக்கு விளக்கம் தருக" என்றும் போட்டேன். அந்தப் பெயர்கள் அலுவலகங்கள் அல்ல, செய்திக்குழுக்கள் என்பதும், அவர்களில் பூனை வளர்ப்போரும், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரும், தலைமயிர் கொட்டுவதைப் பற்றிக் கவலைப்படுவோரும் இருந்தார்கள் என்பதும் பிறகு மெசினில் பதில்களை வாசித்தபோதுதான் தெரிந்தது. பூனைக்காரர் ஒருவர் விளக்கமே தந்திருந்தார், அதை உனக்கு எழுத என் கை கூசுகிறது. இன்னொருவர் மட்டும் மரியாதையாக, "ஐயா, இந்தக் கேள்வியை எதில் எழுதி அனுப்பினீரோ, அதுவே அப்படியான ஒரு மென்பொருள்தான்" என்று எழுதியிருந்தார். ஏச்சைவிட அதுதான் எனக்குச் சுட்டது.

திட்டிய பதில்கள் எல்லாம் உன் கம்பனிக்கு வந்து, மேலாளர் உன்னைக் கூப்பிட்டு விசாரித்ததாக நீ போனில் அழாக்குறையாகச் சொன்னாய். "மாமா, ஆரோ என்ட பேரைக் களவெடுத்து உலகம் முழுக்கக் கடிதம் போட்டிருக்கினம். ஆரெண்டு கண்டுபிடியுங்கோ" என்றாய். "ஓம் மகன், கண்டுபிடிக்கிறன்" என்று சொன்னேனே, அந்த நேரம் என் நாக்கு அழுகியிருக்கக் கூடாதா!

அந்தக் கடிதங்கள் சங்கத்து மெசினிலிருந்து போனவை என்று நீ தலைவருக்கும் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாய். அவர் கூட்டம் வைத்து, "சாவி யாருகிட்ட இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கணினி அறைச் சாவி சுதர்சினியிடம். "அப்ப நாளையிலருந்து வர வேணாம் புள்ள" என்றார். அந்தப் பிள்ளை ஒருதரம் என்னைப் பார்த்தாள். நான் செயலாளர், குனிந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். "போதனாசிரியையை நீக்குவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அவளுடைய தாய் படுக்கையில், தகப்பன் இல்லை, அந்த வேலையில்தான் வீடு ஓடுகிறது. இது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. வெட்கமாக இருக்கிறது மகன்.

ஆகவே உன்னிடம் ஒரு உதவி. இது ஏதோ வைரசு செய்த வேலை, ஒருவரும் குற்றவாளியல்ல என்று சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுது. நீ எழுதினால் நம்புவார்கள். அவளைத் திரும்ப எடுப்பார்கள். என் பெயர் எங்கும் வர வேண்டாம். மஸீனா மாமிக்கும் தெரிய வேண்டாம். வாசித்ததும் இதைக் கிழித்துவிடு.

உனக்கு நீண்ட ஆயுளும் ஈமானும் பொறுமையான மேலாளரும் கிடைக்க ஐந்து நேரமும் துஆச் செய்யும்,

உன் மாமா
மு. முத்தலிப்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம் சுதர்சினி சைக்கிளில் வந்தாள். சாவியைத் தந்தாள், கூடவே ஒரு டிஸ்கும் தந்தாள். "சேர், அந்த மூண்டு மெசினுக்கும் பொருந்துற மென்பொருள் இதில இருக்கு. போட்டுப் பாத்தனான், வேலை செய்யுது" என்றாள். நான் வாயைத் திறக்க முன்பே, "கோப்பு இலக்கம் போட்டு, நினைவூட்டல் மூண்டும் அனுப்பி வேற ஆர் எழுதுவினம் சேர்? நான் அண்டைக்கே கண்டனான்" என்றாள்.

"அப்ப ஏன் பிள்ளை கூட்டத்தில சொல்லேல்லை?"

"நீங்க சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

மாமி தேத்தண்ணி ஊற்றமுன் போய்விட்டாள்.

மகன், இதைக் கிழிக்காதே. உன் மேலாளரிடம் கொடு, தமிழ் தெரியாவிட்டால் நீயே வாசித்து விளங்கப்படுத்து. மாமிக்கு இப்போதுதான் சொன்னேன், குசினிக்குள் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. சங்கத்துக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். அந்த வைரசுக்கு அறுபத்திரண்டு வயது, நாளை பத்து மணிக்குக் கூட்டத்தில் தானே எழுந்து நின்று பேசும்.