கம்ப்ரசர் அண்ணாச்சி பறக்கவிட்ட புட்டுக்குழல்

மூளை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றை நிரப்பிக்கொண்டு, அதையும் மீட்டர் ஊசி எண்பதைத் தொடும்படி அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நடமாட முடியும் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ராஜபாளையத்தில் எங்கள் அடுத்த வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார். அவருடைய பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கு அவர் கம்ப்ரசர் அண்ணாச்சி. வீட்டு வாசலிலேயே பஞ்சர் கடை, கடையில் ஒரு கிழட்டுக் கம்ப்ரசர். உலகத்தில் உள்ள அத்தனை கோளாறுக்கும் அதுதான் மருந்து என்பது அவருடைய முடிவு.

கொசுத் தொல்லை என்று ஒருநாள் காற்றுக்குழாயை வீட்டுக்குள் இழுத்துப் போய் அடித்தார். கொசு இருந்த இடத்தில் இருந்தது. காலண்டரும் மகளின் ப்ளஸ் டூ ஹால் டிக்கெட்டும் தெருவுக்கு வந்துவிட்டன. இன்னொரு நாள், வறுத்த வேர்க்கடலைக்குத் தோல் நீக்கித் தருகிறேன் என்று என் முறத்தை வாங்கிப் போனார். தோல் முறத்திலேயே கிடந்தது. கடலை எதிர்வீட்டு மாடிக்குப் போய்விட்டது.

"காத்து கரெக்டாத்தான் அடிச்சேன் தங்கச்சி. கடலைதான் லேசு" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

தங்கச்சியாம்! எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் மாதிரி வாய் நிறையத் தங்கச்சி என்பார். எங்கள் வீட்டில் ஏதாவது ஒரு சாமான் காணாமல் போகப் போகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி.

மனைவி இறந்த பிறகு ஒரே மகள் மகாலட்சுமியைத் தனி ஆளாக வளர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு பால்கோவாக் கடைக்காரர் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் உண்டானாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு அழைத்து வருவதுதானே முறை? நாள் குறிக்கப் போன இடத்தில் சம்மந்தி மறுத்துவிட்டார்.

"பொம்பள இல்லாத வீடு. பொழுதன்னைக்கும் டபடபன்னு மிஷின் சத்தம் வேற. அங்க பிள்ளத்தாச்சிய எப்படி அனுப்ப?"

நியாயமான கேள்வி. புத்தியுள்ளவன் இதற்கு நியாயமாக ஒரு பதில் சொல்லுவான். நம் ஆளுக்கு முதல் பாதி காதிலேயே விழவில்லை. மிஷினைக் குறை சொன்னதுதான் சுருக்கென்று தைத்திருக்கிறது.

"மிஷின லேசா நினைக்காதீக சம்மந்தி. அந்தக் காத்தையும் ஒரு செம்புத் தண்ணியையும் வச்சு ராக்கெட்டே விடுவேன்!"

பத்துப் பேர் முன்னால் சம்மந்தி விழுந்து விழுந்து சிரித்தார். "விடுங்களேன். மேல போயி முழுசாத் திரும்பி வந்துச்சுன்னா, வளைகாப்பு அன்னைக்கே மகளக் கூட்டிட்டுப் போங்க. வரலைன்னா இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது."

அன்று சாயங்காலம் மகாலட்சுமி எனக்குப் போன் செய்து அழுதாள். "அத்தை, எங்கப்பா ஏன் இப்படி இருக்காரு? எனக்கு நம்ம வீட்டுக்கு வரணும்போல இருக்கு அத்தை."

அவர் ஏன் அப்படி இருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியுமா?

குளிர்பான பாட்டிலில் கால்வாசித் தண்ணீர் ஊற்றி, மூடியில் டயர் வால்வைப் பொருத்திக் காற்றடித்து, கவிழ்த்து வைத்து விட்டால் பறக்கும். இதை அவர் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். முதல் ராக்கெட் பறக்காமல் வெடித்து, மாடியில் நான் காயப்போட்டிருந்த கூழ்வத்தலைத் திரும்பவும் கூழாக்கியது. அடுத்தது படுக்கைவாட்டில் டீக்கடைக்குள் பாய்ந்தது. டீ மாஸ்டர் கிளாசைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். மூன்றாவது மேலே போனது, ஆனால் விழுந்து சப்பளிந்துவிட்டது. முழுசாக அல்லவா திரும்பி வர வேண்டும்? பாட்டிலுக்கு ஒரு சட்டை தேவைப்பட்டது.

மறுநாள் வந்து நின்றார். "தங்கச்சி, புட்டு தின்னு எம்புட்டு நாளாச்சு! குழல் இருந்தாக் கொடேன், நானே அவிச்சுக்கிடுதேன்."

பாவம், தனி ஆள் என்று எடுத்துக் கொடுத்தேன். என் அம்மா எனக்குச் சீராகத் தந்த எவர்சில்வர் குழல். எங்கள் பக்கத்தில் பேர் வெட்டாத பாத்திரம் சீரில் சேர்த்தியில்லை. அதிலும் 'மு. பேச்சியம்மாள், ராஜபாளையம்' என்று என் பேரைக் கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தாள் அம்மா. கொடுத்த நாளிலிருந்து பக்கத்து வீட்டில் ஓயாமல் டிரில்லிங் மிஷின் சத்தம். புட்டுக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை.

ஆனி மாதத்தில் வளைகாப்பு. சீர்த்தட்டுகளோடு வேனில் கம்ப்ரசரும் ஏறியது, சந்தனப் பொட்டெல்லாம் வைத்துக்கொண்டு. அதற்கு இடம்விட்டு நாங்கள் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம்.

சம்மந்தி வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளி. அங்கே வைத்துத்தான் அண்ணாச்சி பையைத் திறந்தார். என் புட்டுக்குழல்! எடை குறைய வேண்டுமென்று உடம்பு முழுக்கச் சல்லடையாக ஓட்டை. மேலே சிவப்புப் பெயிண்ட். பிளாஸ்டிக் வாளியை அறுத்து மூன்று பக்கமும் இறக்கை. உள்ளே பாட்டில், குழலின் மூடியே மூக்கு. மூடிக்கு அடியில், இறங்கும்போது குடையாக விரிவதற்காகத் தளவாய்புரத்து நைட்டித் துணி, மஞ்சள் பூப்போட்டது. என் பேர் இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் இல்லை.

"அட பாவி அண்ணாச்சி, என் கொழலு!"

"ஒம்பேரு மேல பெயிண்ட் அடிப்பனா தங்கச்சி? அது மரியாதை இல்லைல்லா?"

கன்னத்துச் சந்தனம் காயாமல் பெண்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். கம்ப்ரசர் ஓடியது. ஊசி எண்பதைத் தொட்டதும் அண்ணாச்சி கயிற்றைச் சுண்டினார். புஸ்ஸென்று ஒரு சத்தம், எல்லார் மேலும் தண்ணீர். குழல் தென்னை மரத்தைத் தாண்டிப் போனது. உச்சியில் மூடி கழன்றது. நைட்டித் துணி அழகாக விரிந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை, விட்டவரே எதிர்பார்க்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

காற்றைப் பற்றி எல்லாம் தெரிந்த மேதை, ஆனிக் காற்றை மறந்துவிட்டார். மலைப்பக்கமிருந்து ஒரு வீச்சு வந்தது. துணி புடைத்துக்கொண்டு, புட்டுக்குழல் வீடுகளின் மேலாகக் கிழக்கே போய்க் கண்ணுக்கு மறைந்தது.

சம்மந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேல போச்சு, ஒத்துக்கிடுதேன். திரும்பி வரலையே?"

அண்ணாச்சி தேடி ஓடினார். ஒரு மணி நேரம் கழித்து, முள்ளில் கிழிந்த வேட்டியோடு வெறுங்கையாக வந்து கம்ப்ரசர் பக்கத்தில் குத்தவைத்தார். முழங்கை வரை வளையல் அடுக்கிய மகாலட்சுமி சோற்றைத் தொடவில்லை. அவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மனிதரைக் காற்றுப் போன டியூபாக அன்றைக்குத்தான் பார்த்தேன். குழல் போன ஆத்திரம் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

பந்தி முடியும் நேரம். கையில் சாணி காயாத ஒரு அம்மா வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் நைட்டித் துணி சுற்றிய குழல்.

"இங்க ராஜபாளையத்துப் பேச்சியம்மான்னு ஆரு? எங்க தொழுவத்து வைக்கோல் படப்பு மேல வந்து விழுந்துச்சு. பேரு வெட்டுன பாத்திரம், வச்சுக்கிட்டாத் தப்புல்லா? ராஜபாளையத்து ஆளுக இங்க வளைகாப்புக்கு வந்திருக்காகன்னு சொன்னாக."

சம்மந்தி குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நெளிசல் இல்லை. "பேச்சியம்மா ஆரு?"

அண்ணாச்சி மெதுவாக என்னைக் காட்டினார். "என் தங்கச்சி."

"கூடப் பொறந்ததா?"

அண்ணாச்சி குனிந்து வேட்டிக் கிழிசலை இழுத்து மூடினார். எனக்கு என்ன வந்ததோ! "ஆமா, அப்படித்தான். பக்கத்து வீட்டுலதான் இருக்கேன். பிள்ளத்தாச்சிய நான் பாத்துக்கிடுதேன். அந்த மிஷினு சத்தம் போட்டுச்சுன்னா பெல்ட்ட அறுத்துருதேன்" என்றேன்.

சம்மந்தி அண்ணாச்சியைப் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா ராக்கெட்டு எதுக்குய்யா?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். 'தங்கச்சி, எம்மகளச் செத்த பாத்துக்க' என்று கேட்க வாய் வராத மனிதர், புட்டுக்குழலை வானத்துக்கு அனுப்பினார்.

மகாலட்சுமி அன்றைக்கே எங்களோடு வேன் ஏறினாள். பெண் குழந்தை பிறந்தது. கம்ப்ரசர் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. டயருக்கெல்லாம் கைப்பம்பால் காற்றடித்து அண்ணாச்சிக்குத் தோள் இறங்கிவிட்டது. மகள் புகுந்த வீட்டுக்குத் திரும்பியதும், பேத்தியை விட்டு இருக்க முடியாமல் கடையையே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றிக்கொண்டு போனார். எங்கள் தெரு அமைதியானது. இனி அந்த ஊரில் யார் வீட்டு முறம் பறக்கப் போகிறதோ!

போகிற அன்று காகிதத்தில் சுற்றி ஒரு புதுப் புட்டுக்குழலைத் எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தேன். 'மு. பேச்சியம்மாள்' என்று வெட்டியிருந்தது. அதற்குக் கீழே, கோணல் மாணலாக, 'அண்ணன் சீர்'.

மட்டமான சரக்கு. மூடி பொருந்தாது, ஆவியெல்லாம் பக்கவாட்டில் போய்விடும். அதில் ஒருநாளும் புட்டு ஒழுங்காக வெந்ததில்லை. வேறு குழலில் அவிக்க எனக்கு மனசு வரவில்லை.