மாமாவின் முதுகு

எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிற எவனுக்கும் முதலில் எழுத்து வருவதில்லை, தனிப்பாணிதான் வருகிறது. எனக்கு அது இருபத்தாறு வயதில் வந்தது. அதுவரை என்னால் பாதிக்கப்பட்டவர்கள் யாரும் இல்லை.

அப்போது கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தேன். வேலை முடிந்ததும் இணையத்தில் நடந்த ஒரு எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பெடுத்தவர் அதிகம் பேசமாட்டார். "வெட்டுங்கள்" என்பார். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துவிட்டு, "இன்னும் வெட்டுங்கள்" என்பார். வர்ணனை கூடாது, வண்ணம் கூடாது, உறவுமுறை கூடாது. ஒரு மனிதனைப் பற்றி எழுதும்போது அவன் முகத்தைக் காட்டாதீர்கள், அவன் நடந்து போகிற முதுகைக் காட்டுங்கள், மிச்சத்தை வாசகன் பார்த்துக்கொள்வான் என்றார். நான் உடம்பு சிலிர்த்து இதைக் குறித்துக்கொண்டேன். (வாசகன் எதைப் பார்த்துக்கொள்வான் என்று கேட்கத் தோன்றவில்லை.)

மூன்று மாதத்தில் என் பாணி எழுத்தைத் தாண்டி வாழ்க்கைக்குள் புகுந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, கறுப்புச் சட்டை தவிர வேறு போடுவதில்லை. டோக்கன் வாங்க வருகிறவர்களிடம் "ஏழு. காத்திருங்கள்." என்று மட்டும் சொல்வேன். ஏற்கெனவே காய்ச்சலில் வந்த ஒரு பெரியவர், டாக்டரிடம் போய், "வெளிய இருக்க பையன் என்னமோ மறைக்கிறான் சார், எனக்குப் பெரிய வியாதியா" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் சாம்பார் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டால், "இருக்கிறது" என்பேன். அதற்கு அம்மா தந்த பதில்களை இங்கே எழுத முடியாது, அவற்றில் வர்ணனை அதிகம்.

அந்த நேரம் பார்த்துதான் சௌந்தரபாண்டி மாமாவுக்கு அறுபது முடிந்தது.

மாமா, அம்மாவின் அண்ணன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, திருநகரில் வீடு கட்டிக் குடியிருந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தின் பக்கம் பேனர் வைத்துவிடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து ஜனம் எல்லாம் அங்கேதான் வந்து இறங்கும் என்பதால் அதுதான் எங்களுக்குச் செய்தித்தாள். நடுவில் மணமக்கள், அவர்களைச் சுற்றி எலுமிச்சம்பழம் அளவு வட்டங்களுக்குள் மாமன் மச்சான் முகங்கள். அதில் யார் முகம் விடுபட்டாலும் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. மாமாவின் முகம் எல்லாப் பேனரிலும் இருக்கும், எப்போதும் கடைசி வரிசையில். ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு ஆரப்பாளையம் போய், குனிந்து தன்னைப் பார்த்துவிட்டு வருவார். அந்தக் கீழ்வரிசையில் பாதி நாள் ஏதாவது ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கும். மாமா அதை நகர்த்தி வைத்துவிட்டுப் பார்ப்பார்.

அந்த மனிதருக்கு முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு பேனர் வரப்போகிறது, மணிவிழாவுக்கு.

"எழுதுறவன் வீட்டுக்குள்ளயே இருக்கான், கடக்காரன்ட்ட எதுக்குக் கேக்கணும்" என்று அம்மா அண்ணனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். மாமா என்னை வீட்டுக்கு அழைத்து ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே ஸ்டூடியோவில் எடுத்த படம். மாமா இரவல் கோட்டுப் போட்டு, கைப்பேசியைக் காதில் வைத்து, யாரிடமோ நல்ல செய்தி கேட்பவர் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாசகம் உன் இஷ்டம் மாப்ள. நீ படிச்சவன். முகம் மட்டும் தெளிவா விழணும். அம்புட்டுதான் எனக்கு வேணும்."

"பார்க்கிறேன்" என்றேன், என் பாணியில்.

பார்த்தேன். அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க என் கலை மனம் கொதித்தது. போலிக் கோட்டு, போலிப் போன், போலிச் சிரிப்பு. உண்மையான சௌந்தரபாண்டி இதில் எங்கே என்று கேட்டுக்கொண்டேன். உண்மையான சௌந்தரபாண்டி என் கைப்பேசியில் இருந்தார். ஒருநாள் உச்சி வெயிலில் அவர் தெருவில் நடந்து போவதை, அவருக்குத் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்து வைத்திருந்தேன். காலியான தெரு, நீண்ட நிழல் ஒன்றும் இல்லை (உச்சி வெயில்), வேட்டி, வழுக்கை, தோளில் துண்டு. கையில் தயிர் பாக்கெட் இருந்தது. அதை மட்டும் வெட்டிவிட்டேன். பிறகு வண்ணத்தையும் எடுத்துவிட்டேன்.

பிளக்ஸ் கடையில் வடிவமைக்கும் தம்பி நல்ல உற்சாகமான ஆள்.

"சிங்கம் போடுவமாண்ணே?"

"வேண்டாம்."

"ஓரமா நிக்கிற மாதிரி? சிங்கத்துக்குத் தனியாக் காசு இல்லண்ணே."

"வேண்டாம்."

"சரி, சொந்தக்காரங்க போட்டோ?"

"யாரும் வேண்டாம். வெறுமை வேண்டும்."

அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பிறகு எதுவும் கேட்காமல், கேட்டதைச் செய்துகொடுத்தான். கறுப்புப் பின்னணி. நடுவில் மாமாவின் முதுகு. கீழே நான் நான்கு நாள் உட்கார்ந்து வெட்டி வெட்டி எடுத்த வரிகள்:

அறுபது.
இனி அவசரமில்லை.
வெயிலைக் கடந்து
நடந்து போகிறார்
சௌந்தரபாண்டி.

ஞாயிறு காலை பத்து மணி.
திருநகர் இல்லத்தில்.

மணிவிழா என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டேன். சொல்லாமல் விட்டதுதான் அதிகம் பேசும் என்று வகுப்பில் படித்திருந்தேன். யாரிடமும் முன்கூட்டிக் காட்டவும் இல்லை. முடியும் முன் காட்டினால் படைப்பின் உயிர் போய்விடும் என்றும் படித்திருந்தேன்.

ஞாயிறு விடிகாலையில் பேனரைக் கட்டிவிட்டு, பேருந்து நிலையத்தின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாகக் காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக்காரர்களின் பிறந்தநாள். நடுவில் என் கறுப்பு. நூறு பேர் கத்துகிற இடத்தில் ஒருவன் மெல்லப் பேசுவது போல இருந்தது. கண் கலங்கியது. நான் என் குரலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நிச்சயமாக நம்பினேன்.

ஊரிலிருந்து முதல் பேருந்தில் வந்து இறங்கிய யாரோ அதைப் படமெடுத்து எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். கூடவே, "நேத்து வரைக்கும் நல்லாத்தானய்யா இருந்தாரு." அடுத்தடுத்து அழுகிற பொம்மைகளும், ஆழ்ந்த இரங்கல்களும் விழ ஆரம்பித்தன.

மாமா அந்த நேரம் திருநகர் வீட்டில் பட்டு வேட்டி கட்டி, முகத்திலும் மார்பிலும் சந்தனம் பூசி, மனையில் உட்கார்ந்திருந்தார். சந்தனம் காய வேண்டும் என்பதால் கண்ணாடி போடவில்லை. கைப்பேசியில் கறுப்பாக ஏதோ வந்திருக்கிறது, எல்லோரும் கும்பிடு போடுகிறார்கள். தன் முதுகைத் தானே பார்த்தவர் உலகத்தில் யார்? பாவம் யாரோ போய்விட்டார் என்று நினைத்து, பழக்கதோஷத்தில் அவரும் ஒரு கும்பிடு போட்டு, "நல்ல மனிதர்" என்றும் எழுதிவிட்டார்.

அதுவரை சந்தேகத்தில் இருந்தவர்களுக்கும் அதோடு உறுதியாகிவிட்டது. அவர் நம்பரிலிருந்தே வந்துவிட்டதே, மகன்தான் போட்டிருக்கிறான் என்று முடிவு செய்தார்கள்.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டுக்குப் போன் போட்டு, ஆள் போய்விட்டாரா என்று விசாரிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. தெரிந்தால் புறப்பட்டு வந்துவிட வேண்டும். மணிவிழாவுக்காகக் கிளம்பி வந்தவர்கள் ஆரப்பாளையத்திலேயே தங்களைத் துக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். துக்க வீட்டுக்கு இனிப்பு கொண்டுபோகக் கூடாது என்று, ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறையக் கொண்டுவந்த லட்டுகளைப் பேருந்து நிலையத்தில் போவோர் வருவோருக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள். (மாலையும் புது வேட்டியும் இரண்டு விசேஷத்துக்கும் பொதுவானவை என்பதால் அவை தப்பின.)

நான் ஆரப்பாளையத்திலிருந்து வந்து, திருநகரில் பந்தல் வாசலில் பாராட்டுக்காகக் காத்து நின்றிருந்தேன். தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. மாமாவுக்குத் தங்கை முறையான பாண்டியம்மாள் சித்தி முதலில் இறங்கினார். அவிழ்ந்த கொண்டையோடு, நெஞ்சில் அடித்துக்கொண்டு, பின்னால் ஒன்பது பத்துப் பெண்களோடு வந்தார். மைக்செட்காரர் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, எங்கள எல்லாம் விட்டுட்டு எங்கண்ணே போன" என்று பந்தலுக்குள் நுழைந்தார் சித்தி.

மனையில் மாலையோடு உட்கார்ந்திருந்த மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கயும் போகலத்தா. இங்கனதான் இருக்கேன். வா, உள்ள வா."

சித்தி அப்படியே நின்றார். அழுகையை நிறுத்த ஒரு நொடி ஆனது. பிறகு அவர் என்ன செய்வது என்று தெரியாமல், கையிலிருந்த மாலையை மாமாவுக்குப் போட்டுவிட்டு, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார்.

மத்தியானம் வரை இப்படி ஐந்தாறு அணிகள் வந்தன. ஒவ்வோர் அணிக்கும் மாமா தான் உயிரோடு இருப்பதை எழுந்து நின்று காட்ட வேண்டியிருந்தது. தாலி கட்டுகிற நேரத்தில்கூட ஒரு அணி அழுதுகொண்டு வந்தது. மாமாவின் மனைவி, தன் புதுத் தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்தப் பேனரை எழுதியது யார் என்று பொதுவாகக் கேட்டார். அம்மா என்னைத் தெரியாதவள் போல இலை போடப் போய்விட்டாள்.

பந்தி முடிந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டார். "வண்டிய எடு மாப்ள. ஆரப்பாளையம் வரைக்கும் போய்ட்டு வருவோம்."

பேனர் முன்னால் இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஓரங்களைப் பார்த்தார். கடைசியில் பழக்கத்தில் குனிந்து கீழ்வரிசையையும் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை.

"இதுல நான் எங்க?"

நான் கை நீட்டிக் காட்டினேன்.

"இது முதுகு."

"இது ஒரு பாணி மாமா. முகத்தைக் காட்டாமல் மனிதனைக் காட்டுவது. இதுதான் என் பாணி."

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஊர்ல உள்ளவன் பேனர்ல எல்லாம் நான் முகத்தோட நின்னேன். என் பேனர்ல என்னத் திருப்பி நிப்பாட்டிட்டியே" என்றார். பேனரை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "உன் பாணின்னா உன் முதுகப் போட வேண்டியதுதானய்யா" என்றார்.

என் தனிக்குரல் முதன்முறையாகப் பேச ஒன்றும் இல்லாமல் நின்றது. ஸ்டூடியோவில் இரவல் கோட்டுக்குள் அவர் எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பக்கத்தில் பை தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் நின்று, உதடு அசைய வரிகளைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்குச் சொந்தமாண்ணே?"

"நெருங்கின சொந்தம்" என்றார் மாமா.

"எழுதுனவன் யாருன்னு தெரியல, மனச அறுத்துட்டான். எங்கய்யா போனப்பக்கூட எனக்கு இப்புடி இல்ல."

அவர் போன பிறகு மாமா மெல்லச் சிரித்தார். "நல்லாத்தான் எழுதிருக்க போல மாப்ள. நேரந்தான் கொஞ்சம் முந்திப்போச்சு."

அந்த ஒரு வாசகர் சொன்னது பொய்யில்லை என்று பின்னால் தெரிந்தது. சொந்தத்தில் யாராவது தவறிவிட்டால், ஐஸ் பெட்டிக்குச் சொல்லும் முன் எனக்குத்தான் சொல்கிறார்கள். "உன் மாதிரி எழுத ஆளில்லப்பா" என்று அழுதுகொண்டே சொல்வார்கள். கறுப்புப் பின்னணி, நான்கு வரி, ஒரு சொல் கூடுதலாக இருக்காது. நல்ல விசேஷம் என்றால் மட்டும் என்னைப் பேனா இருக்கும் அறைக்குள் விடுவதில்லை. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் நான் நுழைந்தால், "என்ன, சும்மாதான வந்த?" என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள்.

அடுத்த வருடம் மாமாவின் பேத்திக்குக் காதுகுத்து. பேனரை மாமாவே முன்னால் உட்கார்ந்து செய்தார். ஆரப்பாளையத்தில் போய்ப் பார்த்தேன். வானவில்லில் உள்ள நிறமெல்லாம் இருந்தது. குழந்தைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிங்கங்கள். குழந்தையைவிடப் பெரிதாக மாமா, கோட்டுப் போட்டு, போனைக் காதில் வைத்து, நல்ல செய்தி கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் வட்டங்களுக்குள் சொந்தபந்தம் அத்தனை பேரும்.

கடைசி வரிசையில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. நகர்த்தினேன். என் பெயர் இருந்தது. மேலே வட்டத்துக்குள் ஒரு பின்னந்தலை.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தப் பேனரிலும் நான் அப்படித்தான் நிற்கிறேன். போன மாதம் சித்தப்பா மகனுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண், இது யார், ஏன் இவர் மட்டும் திரும்பி நிற்கிறார் என்று கேட்டாளாம். மொத்த வீடும் ஒரே குரலில் சொன்னதாம், "அது அவரு பாணி."