போம் காக்காவின் ஒரே ஒரு இடம்

பாலாவிச் சந்தியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, கையில் ஒரு பை, வார் அறுந்த செருப்பு. அரை மைல் போவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: போம் காக்கா நிரப்பாத படிவம் இந்த நாட்டில் இன்னும் அச்சாகவில்லை.

படிவத்தை அங்கே போம் என்பார்கள்; அண்ணனை முஸ்லிம்கள் காக்கா என்பார்கள். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த காக்காவுக்கு அகதி முகாமில் தொற்றிய பழக்கம், போம் நிரப்புவது. கூரைத் தகரத்துக்குப் போம், கிணற்றுக்குப் போம், ஊர் திரும்ப ஒன்று, திரும்பாமல் இருக்க ஒன்று. எல்லாவற்றையும் போட்டோகொப்பி எடுத்து, உரப்பையில் கட்டி, தலைமாட்டில் வைத்துத் தூங்குவார்.

"வீடு பத்தினா முதல்ல மனிசியத் தூக்குவீங்களா, பையத் தூக்குவீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவ நடப்பா," என்றார்.

இருவரும் அனல்மின் நிலையத்தில் ஒரு கொன்றாத்துக்காரரிடம், அதாவது ஒப்பந்தக்காரரிடம், நிலக்கரித் தூள் கூட்டும் கூலிகள். காலையில் தலைக்கவசம் தருவார், மாலையில் பறித்துக்கொள்வார். நாங்கள் அங்கே வேலை செய்தோம் என்பதற்கு இருமலைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை.

அன்று திடீரென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். பூமி சூடாகிறதாம், நிலக்கரியைக் குறைக்கப் போகிறார்களாம், அதை நியாயமாகச் செய்வார்களாம். மேடைத் துணியில் 'நியாயம்' என்ற சொல் என்னைவிட உயரமாக இருந்தது. மண்டபத்துக் குளிரூட்டியில் எல்லோரும் நடுங்கினோம். பாதிக்கப்படும் குடும்பத்துக்கு ஒருவர் என்று காற்றாலையில் வேலைப் பயிற்சிக்குப் பதிந்தார்கள்.

காக்கா மேசையில் மூன்று போம்களை வைத்தார்.

"ஐயா, ஒருத்தருக்கு ஒரு பாதிப்புத்தான் பதியலாம். கொம்பியூட்டர் எடுக்காது," என்றார் அதிகாரி.

"சேர், கடல் தொழில் போச்சு எண்டு கரி கூட்டப் போனன். இப்ப கரியும் போகுது. கரண்டுக் காத்தாடி என்ட தோட்டத்துல நிக்குது. எல்லாம் என்ட வீட்டுக்குத்தான் வருது, நான் ஒராள் என்ன செய்ய?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், என் முறை வரும்வரை.

"நிலையான முகவரி?"

கொன்றாத்துக்காரரின் கொட்டிலில் படுத்திருந்தவன் நான். அன்று காலைதான் அதையும் காலிபண்ணச் சொல்லியிருந்தார்கள். முகவரி இல்லாதவரைப் பதிய முடியாதாம். கூட்டத்தில் தின்னக் கொடுத்த இரண்டு ரோல்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினேன்.

பாலாவிச் சந்திக்குப் போகும் வழியில் அரை மைல் நடந்திருப்பேன், பின்னால் சைக்கிள் மணி கேட்டது.

"டேய் செல்வராசா, நில்லுடா! உன்ட பேரப் போட்டிட்டன். என்ட தம்பி எண்டு."

"செல்வராசா உங்கட தம்பியா? நம்பினாங்களா?"

"கேட்டான். மன்னாரில இருந்து வெளிக்கிட்ட அவசரத்துல பேர் மாறிப்போச்சு சேர் எண்டன்."

"வீட்டுக்கு ஒராள்தானே காக்கா. அப்ப நீங்க?"

"எனக்கென்ன, அடுத்த போம் வரும்தானே."

பயிற்சி எப்போது என்றேன். "அறிவிப்பாங்களாம்," என்றார். சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். பிறகு ஒரு போட்டோகொப்பியை என் கையில் திணித்து, "நனைச்சிடாத" என்று சொல்லிவிட்டு வந்த வழியே மிதித்தார்.

இன்றுவரை அறிவிக்கவில்லை.

கூட்டம் நடந்த மறுநாள் காலை மதுரங்குளியில் தேங்காய் நார் திரிக்கும் ஒரு தும்பு ஆலையில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. முதலாளி பதிவுக் கொப்பியைத் திறந்து பெயரைக் கேட்டார். பிறகு, "சொந்தக்காரர் ஆராவது இருக்கா?" என்றார்.

"ஓம், ஒரு காக்கா இருக்கார்," என்று சொல்லி முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினேன்.