நாலு அங்குலம் எழும்பிய ராக்கெட்

லிட்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் விக்னராஜாவுக்கு,

நான் நலம். கிரான்பர்னில் நீங்கள், தங்கை யோகா, மருமகள் தாரகா மூவரும் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். சடங்கு நாளிலிருந்து யோகா என் போனை எடுப்பதில்லை. ஆகவே மன்னிப்பைத் தபாலில் அனுப்புகிறேன்.

தாரகா பெரியபிள்ளையானதற்கு எடுத்த சாமத்தியச் சடங்குக்குப் பல்லக்கும் ஹெலிகொப்டரும் பழசாகிவிட்டன, பிள்ளை விண்வெளிப் புத்தகங்களாகவே வாசிக்கிறாள், ராக்கெட்டில் வந்து இறங்கட்டும் என்று தாய்மாமன் நான்தான் வாயைக் கொடுத்தேன். முப்பது வருடம் லிப்ட் திருத்தியவனுக்கு ஒரு பலகை ராக்கெட்டை மோட்டாரில் தூக்கி இறக்குவதா பெரிது என்ற திமிர். ஆபத்தில் ஆளைக் காப்பாற்ற உச்சியில் பூட்டுவார்களே ஒரு கோபுரம், அதையும் ஒரு பரசூட்டையும் ஸ்பிரிங் வைத்துப் பூட்டினேன். 1960இல் அமெரிக்கர்கள் அதை ஆளில்லாமல் சோதித்தபோது, ராக்கெட் நாலு அங்குலம் எழும்பித் திரும்ப உட்கார்ந்துவிட்டதாம். கோபுரம், ஆள் இருக்கவேண்டிய கூண்டை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பிப் பறந்ததாம். பிறகு பரசூட் வேறு வெளியே வந்ததாம். வாசித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். அந்தப் பாவம் சும்மா விடுமா?

மண்டபத்தில் முந்நூறு பேர், ஆராத்தித் தட்டுகளோடு பெண்கள், நாதஸ்வரம், புகை. ராக்கெட் நாலு அங்குலம் எழும்பியது, உட்கார்ந்தது. கோபுரம் மட்டும் சீறிப்போய்க் கூரையிலிருந்த தீ அலாரத்தில் இடித்தது. பரசூட் விரிந்து உங்கள் அம்மா செல்வமலர் மாமியை முழுதாக மூடியது. "ஆர் லைற்றை நூத்தது?" என்று மாமி உள்ளேயிருந்து கேட்டார். எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில் நிற்க, வந்த தீயணைப்புக்காரருக்கு யோகா அழுதழுது வடை கொடுத்தாள். ராக்கெட்டுக்குள் இருந்த தாரகாவை நான் பின்கதவால் வெளியே கொண்டுவந்தேன். ஒரு கீறலும் இல்லை. சடங்கு அத்தோடு முடிந்தது.

"அண்ணா, எனக்கு ஒரே பிள்ளை, ஒரே ஒரு நாள். அதையும் கெடுத்துப்போட்டியள்" என்றாள் யோகா. ஒரு வருடமாக அவள் கனவு கண்ட நாள், மச்சான். நினைக்க நெஞ்சு வலிக்கிறது. ஸ்பிரிங் பழுதாகிவிட்டது, கவனிக்காதது என் பிழை. பொங்கலுக்கு நான் அங்கு வரலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

மாமிக்கு வணக்கமும் தாரகாவுக்கு ஆசியும் கூறி, உங்கள் வாசலில் நிற்கவாவது இடம் கேட்கும்,
மைத்துனன் இரத்தினசிங்கம்

பி.கு.: ஸ்பிரிங்கில் ஒரு பழுதும் இல்லை. புகை வந்ததும் தாரகா உள்ளேயிருந்து பலகையைத் தட்டினாள். "மாமா, பிளீஸ், ஐ கான்ட். எல்லாரும் என்னையே பாக்கப்போகினம்" என்றாள். மோட்டாரை நிறுத்தி, கோபுரத்தின் பொத்தானை அமத்தியது நான். சடங்கு வேண்டாமென்று இரண்டு மாதத்துக்கு முன்பே அவள் என்னிடம் சொன்னவள். "அம்மாவோட கதையுங்கோ மாமா" என்று கெஞ்சினாள். யோகாவுக்குப் பயந்து நான் கதைக்கவில்லை, பிள்ளை தப்ப ஒரு வழியாகக் கோபுரம் பூட்டினேன். என் வெட்கம் அதற்குத்தான். பிள்ளையை ஏச வேண்டாம். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு, இதை மட்டும் யோகாவுக்குக் காட்டுங்கள்.